அம்மா அப்பாவை அமெரிக்காவுக்கு வரவழைக்கும்போது டிக்கெட்ல எங்க மிச்சம் பிடிக்கலாம், எங்க பிடிக்கக் கூடாது

முதல் தடவை எங்கம்மா அப்பாவை இங்க வரவழைச்சப்போ நான் விலையை மட்டும்தான் பார்த்தேன். கும்பகோணத்துலேருந்து கார்ல சென்னை, சென்னைலேருந்து மும்பை ஒரு தனி டிக்கெட், மும்பைலேருந்து வேற கம்பெனில வளைகுடா, அங்க 11 மணி நேரம் உட்கார்ந்திருந்துட்டு அப்புறம் நியூயார்க். ரெண்டு பேருக்கும் சேர்த்து 34,000 ரூபாய் மிச்சம். ஏர்போர்ட்ல அம்மா வெளிய வந்தப்போ செருப்பை கையில பிடிச்சிட்டு வந்தாங்க, ஏன்னா ரெண்டு காலும் வீங்கி செருப்பு நுழையலை. அப்பா ரெண்டு நாள் யார்கிட்டயும் சரியா பேசலை, கோபமெல்லாம் இல்லை, அவ்வளவு அசதி. நான் மிச்சம் பிடிச்ச காசுக்கு அவங்க ரெண்டு பேர் உடம்புதான் வட்டி கட்டுச்சுன்னு அன்னிக்குதான் புரிஞ்சுது.

அதுக்கப்புறம் மூணு தடவை வந்துட்டு போயிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் எதுக்கு காசு கொடுக்கிறோம், அந்தக் காசு எங்க போகுதுன்னு உட்கார்ந்து படிச்சுப் பார்த்தேன். மிச்சம் பிடிக்க நிறைய இடம் இருக்கு, ஆனா அது உடம்பு மேல விழாத இடமா பார்த்துப் பிடிக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

முதல்ல விலை. ஒரே ஃபிளைட், ஒரே மாதிரி சீட், ஆனா ஆளுக்கு ஒரு விலை, இது எப்படி வந்துச்சுன்னா 1978-ல அமெரிக்கா விமானக் கட்டணத்துக்கு இருந்த அரசு கட்டுப்பாட்டை எடுத்துடுச்சு. 1981-ல பீப்பிள் எக்ஸ்பிரஸ்னு ஒரு கம்பெனி வந்து ரொம்ப மலிவா ஓட்ட ஆரம்பிச்சாங்க. பெரிய கம்பெனிகளால எல்லா சீட்டையும் அந்த விலைக்கு கொடுக்க முடியாது. அதனால 1985-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ன பண்ணாங்கன்னா, எப்படியும் காலியா போகப்போற சீட்டை மட்டும் கம்ப்யூட்டர் வச்சு கணக்குப் போட்டு, முன்கூட்டியே வாங்குறவங்களுக்கு அடிமாட்டு விலைக்கு கொடுத்தாங்க, கடைசி நேரத்துல ஆபீஸ் வேலையா ஓடுறவங்ககிட்ட முழு விலை. பீப்பிள் எக்ஸ்பிரஸ் ரெண்டே வருஷத்துல இல்லாம போச்சு. இன்னிக்கு எல்லா ஏர்லைனும் ஓட்டுறது அந்தக் கணக்கோட பேரப்பிள்ளையைத்தான்.

அதாவது எகானமில 300 சீட் இருந்தா அதை பத்து பன்னிரண்டு ஃபேர் கிளாஸா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து, ஒரு விலை, ஒரு நிபந்தனை வச்சிருப்பாங்க. மலிவான கிளாஸ் தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். நீங்க காலைல பார்த்த விலை சாயங்காலம் ஏறியிருந்தா நம்மளை வேவு பார்த்து ஏத்திட்டான்னு நினைக்க வேண்டாம், பெரும்பாலும் அந்த கிளாஸ் தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். பிரவுசர்ல ரகசிய ஜன்னல் திறந்து தேடுனா விலை குறையும்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் மாத்தி மாத்தி தேடிப் பார்த்திருக்கேன், ஒரு தடவை கூட குறையலை.

ஆனா இதுல உண்மையிலேயே காசு மிச்சமாகுற ஒரு இடம் இருக்கு. நீங்க நாலு பேருக்கு சேர்த்து தேடுறீங்க, மலிவு கிளாஸ்ல ரெண்டு சீட்தான் பாக்கி இருக்குன்னு வைங்க, சிஸ்டம் அந்த ரெண்டை இந்த விலைக்கும் மீதி ரெண்டை அந்த விலைக்கும் பொதுவா பிரிச்சு தராது, நாலையும் தூக்கி மேல் கிளாஸ்ல போட்டுடும். அதனால எத்தனை பேர் போனாலும் முதல்ல ஒருத்தருக்கு தேடிப் பாருங்க, அப்புறம் ரெண்டு பேருக்கு, தலைக்கு எவ்வளவு வருதுன்னு ஒப்பிடுங்க. வித்தியாசம் பெருசா இருந்தா பிரிச்சு வாங்கலாம். ஆனா வயசானவங்க ரெண்டு பேரை தனித்தனி பிஎன்ஆர்ல போட்டா, ஃபிளைட் ரத்தாகும்போது ஒருத்தரை இன்னிக்கும் இன்னொருத்தரை நாளைக்கும் அனுப்புற ஆபத்து இருக்கு, அப்படி வாங்குனா ஏர்லைனுக்கு போன் பண்ணி ரெண்டு பிஎன்ஆரையும் இணைக்கச் சொல்லி குறிப்பு போட வைங்க. பெரிய தொகை இல்லைன்னா நான் பிரிக்கவே மாட்டேன்.

சீசன்தான் எல்லாத்தையும் விட பெரிய மிச்சம். மே கடைசி, ஜூன்ல கிளம்பி ஆகஸ்ட்ல திரும்புறது, அப்புறம் டிசம்பர், இந்த ரெண்டும் பள்ளிக்கூட லீவு கூட்டம். பேரன் பேத்தி லீவுல இருக்கும்போதுதான் வரணும்னு ஆசை இருக்கும், புரியுது, ஆனா பிப்ரவரி மார்ச்லயோ செப்டம்பர் கடைசிலயோ வந்தா அதே சீட் எவ்வளவோ இறங்கியிருக்கும். இந்த மிச்சத்துக்கு உடம்பு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை, அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன். பிப்ரவரில வர்றதுன்னா ஸ்வெட்டர் வேணும், அது வேற.

இன்னொண்ணு, அமெரிக்காவுல இருந்து ஏர்லைன்கிட்டயே நேரடியா புக் பண்ணீங்கன்னா, பயணத்துக்கு ஏழு நாளோ அதுக்கு மேலயோ இருந்தா, வாங்குன 24 மணி நேரத்துக்குள்ள அபராதம் இல்லாம ரத்து பண்ண விடணும், இல்லைன்னா காசு வாங்காம 24 மணி நேரம் அந்த விலையை பிடிச்சு வைக்கணும், இது அமெரிக்க போக்குவரத்துத் துறை விதி. நல்ல விலை கண்ணுல பட்டா முதல்ல வாங்கிடுங்க, அப்புறம் அப்பாவுக்கு போன் போட்டு தேதி சரியான்னு கேளுங்க. நான் முன்னாடியெல்லாம் கேட்டுட்டு வர்றதுக்குள்ள விலை போயிருக்கும். இந்தியாவுக்குள்ள ஓடுற ஃபிளைட்டுக்கு ஒரு விஷயம், டிக்கெட்டே ரீஃபண்ட் கிடையாத டிக்கெட்டா இருந்தாலும், நீங்க போகவே இல்லைன்னாலும், அதுல இருக்கிற அரசு வரி, ஏர்போர்ட் பயன்பாட்டுக் கட்டணம் எல்லாத்தையும் திருப்பித் தரணும்னு இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏவோட விதி இருக்கு. கேட்டாதான் தருவாங்க, கேளுங்க. நம்மள்ல பாதிப் பேர் "நான் ரீஃபண்டபிள்"னு ஒரு வார்த்தையைப் பார்த்ததும் விட்டுடுறோம்.

இப்போ வழி. சென்னைலேருந்து அமெரிக்காவுக்கு நேரடி ஃபிளைட் கிடையாது, துபாய், தோஹா, அபுதாபி, லண்டன், ஃப்ராங்க்ஃபர்ட்னு எங்கயாவது ஒரு இடத்துல மாறணும். அந்த ஒரு மாற்றத்தோட நிறுத்திக்கோங்க. ரெண்டாவது மாற்றம் வந்தா விலை குறையும், ஆனா வயசானவங்களுக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு நீள நடை, ஒரு செக்யூரிட்டி வரிசை, ஒரு பயம். அதை விட முக்கியம், எல்லாம் ஒரே டிக்கெட்ல இருக்கணும். நான் பண்ண தப்பு அதுதான். தனித்தனி டிக்கெட்டா இருந்தா முதல் ஃபிளைட் லேட்டாகி அடுத்தது போயிடுச்சுன்னா ரெண்டாவது ஏர்லைன் உங்களை வராத பயணியாதான் எழுதும், புது டிக்கெட் உங்க செலவு. ஒரே டிக்கெட்னா அடுத்த ஃபிளைட்ல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு, பெட்டியும் சென்னைல போட்டா நேரா அமெரிக்காவுக்கு வந்துடும்.

அமெரிக்காவுல முதல்ல இறங்குற ஏர்போர்ட்ல பொதுவா பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடியும் போட்டுட்டு, செக்யூரிட்டியும் மறுபடியும் தாண்டணும். அதனால டல்லாஸ்ல இருக்கிற பையன் நியூயார்க்ல மாத்துற டிக்கெட் மலிவுன்னு போடாதீங்க, நேரா டல்லாஸ்ல இறங்குற மாதிரி போடுங்க. இதுல அபுதாபிக்கு ஒரு தனி வசதி இருக்கு, 2014-லேருந்து அங்கயே அமெரிக்க குடியேற்றச் சோதனை நடக்குது. அபுதாபியோட எதிஹாட் ஏர்லைன்ல வர்றவங்க அங்கயே கேள்விக்கு பதில் சொல்லி முடிச்சு, இங்க உள்நாட்டு ஃபிளைட்ல வந்த மாதிரி நேரா வெளிய வந்துடலாம். 14 மணி நேரம் உட்கார்ந்து வந்த களைப்புல "எத்தனை நாள் தங்குவீங்க"ன்னு கேட்கிற அதிகாரி முன்னாடி நிக்கிறதை விட, பாதி வழில நிக்கிறது எங்கப்பாவுக்கு ரொம்ப சுலபமா இருந்துச்சு.

கிளம்புற நேரத்தையும் பாருங்க. சென்னைலேருந்து வளைகுடா போறதுல நிறைய ஃபிளைட் விடியக்காலை 3, 4 மணிக்கு. கும்பகோணத்துக்காரங்க நடுராத்திரி ஏர்போர்ட்ல இருக்கணும்னா மத்தியானம் நாலு மணிக்கு கார் ஏறணும், ஃபிளைட் மேல ஏறும்போதே பன்னிரண்டு மணி நேரம் தூங்காம இருந்தாச்சு, இன்னும் அமெரிக்கா 20 மணி நேரத்துக்கு மேல பாக்கி. காலைல கிளம்புறதோ ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு கிளம்புறதோ கிடைச்சா கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்குங்க. மாறுற இடத்துல ரெண்டரை மணி நேரத்துலேருந்து நாலு மணி நேரம் நல்ல இடைவெளி, அதுக்குக் கீழ ஓட வேண்டி வரும், அதுக்கு மேல இரும்பு நாற்காலில உட்கார்ந்து கால் வீங்கும்.

கால் ஏன் வீங்குதுன்னு பார்க்கணும், இங்கதான் எனக்கு நிறைய புரிஞ்சுது. விமானத்துக்குள்ள இருக்கிற காத்து தரைல இருக்கிற மாதிரி இருக்காது, அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துல இருக்கிற அளவுக்கு இறங்கலாம்னு விதி. ஊட்டி சுமார் 7,350 அடி, தொட்டபெட்டா 8,650. அதாவது ஊட்டிக்கும் மேல ஒரு இடத்துல 14 மணி நேரம் அசையாம உட்கார்ந்திருக்கிற மாதிரி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ரெண்டும் உடல்பகுதி பலமான கலவைப் பொருள்ல செஞ்சதால உள்ள அழுத்தத்தை 6,000 அடிக்கே வச்சிருக்க முடியுது, அது நம்ம குன்னூர் உயரம். இதுக்கு ஒரு கணக்கும் இருக்கு, 2007-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வுல 502 பேரை அழுத்த அறையில 20 மணி நேரம் உட்கார வச்சுப் பார்த்தாங்க, 8,000 அடில ரத்த ஆக்சிஜன் அளவு சுமார் நாலு சதவீதப் புள்ளி இறங்குச்சு, 7,000, 8,000 அடில இருந்தவங்களுக்கு மூணுலேருந்து ஒன்பது மணி நேரத்துக்கு அப்புறம் உடம்பு வலி, அசதி கூடுச்சு. டிக்கெட் பக்கத்துலயே எந்த விமானம்னு போட்டிருக்கும், விலை ஒண்ணா இருந்தா நீளமான பகுதிக்கு இந்த ரெண்டுல ஒண்ணை எடுங்க. நுரையீரல், இருதயத் தொந்தரவு இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் ஏறணும்.

அழுத்தம் குறைஞ்சா வாயு விரியும், வயித்துல இருக்கிறதும் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூடும். அதனால கிளம்புற அன்னிக்கு சுண்டல், மொச்சை, சோடா எதுவும் வேண்டாம், இட்லி, தயிர்சாதம் போதும். காத்துல ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ, வாய் மூக்கு கண் எல்லாம் காயும். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணுமேன்னு எங்கம்மா குடிக்கவே மாட்டாங்க, அந்தத் தலைமுறைல பாதிப் பேர் அப்படித்தான். அதுக்குத்தான் நடைபாதை சீட் வேணும்னு சொல்றேன். யாரையும் எழுப்பாம எழுந்து போகலாம்னு தெரிஞ்சா தண்ணி குடிப்பாங்க, எழுந்து நடந்தா கால்ல ரத்தம் தேங்காது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல சொன்னபடி நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம பயணம் பண்ணா கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறையுற ஆபத்து சுமார் ரெண்டு மடங்கு ஆகும், ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு மொத்த ஆபத்து 6,000-ல ஒருத்தர் அளவுதான், ஆனா வயசு, உடல் எடை, சமீபத்துல ஆபரேஷன் இதெல்லாம் சேர்ந்தா கூடும். டாக்டர் சரின்னா அழுத்தம் தர்ற காலுறை வாங்கிக் கொடுங்க, பாதத்தை மேல கீழ ஆட்டச் சொல்லுங்க. ரெண்டாவது தடவை அம்மா அந்தக் காலுறையோட வந்தாங்க, செருப்பு கால்லயே இருந்துச்சு.

அதனால சீட்டுக்கு தனியா காசு கேட்டா வயசானவங்களுக்கு கொடுக்கிறதுல நான் கணக்கு பார்க்கிறதில்லை. எந்த சீட்னு பார்த்துக் கொடுக்கணும். போயிங் 777-ல பல கம்பெனிகள் மூணு நாலு மூணுன்னு போட்டிருப்பாங்க, அங்க நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் போட்டா ரெண்டு பேருக்கும் எழுந்து போக வசதி, கை நீட்டினா தொட்டுக்கலாம். ஏ330 மாதிரி ரெண்டு நாலு ரெண்டு இருந்தா ஜன்னல் பக்க ஜோடி சீட் தம்பதிக்குன்னே செஞ்ச மாதிரி. இறக்கை பக்கம் ஆட்டம் கம்மி, பின்னாடி சமையல் பக்கம் சத்தம் ஜாஸ்தி. அவசர வழி வரிசைல கால் நீட்ட இடம் இருக்குன்னு காசு கட்டிடாதீங்க, அவசரத்துல கதவைத் திறக்க உதவ முடியாதவங்களை அங்க உட்கார விட மாட்டாங்க. சாப்பாடு மட்டும் இலவசம், ஆனா குறைஞ்சது ஒரு நாள் முன்னாடி சொல்லணும், ஏவிஎம்எல்னா நம்ம ஊர் சைவம், டிபிஎம்எல்னா சர்க்கரை நோயாளிக்கு. சிறப்பு சாப்பாடு பெரும்பாலும் வண்டி வர்றதுக்கு முன்னாடியே வந்துடும், சர்க்கரை மாத்திரை போட்டுட்டு காத்திருக்கிறவங்களுக்கு இது பெரிய உதவி. மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில, சீட்டோட. பெட்டில போடவே போடாதீங்க.

பெட்டி விஷயத்துல மிச்சம் பிடிக்க நிறைய இருக்கு. அமெரிக்க வழில பல டிக்கெட்ல தலைக்கு 23 கிலோ ரெண்டு பெட்டி, ஆனா இப்போ ஒரு பெட்டி மட்டும் தர்ற மலிவு டிக்கெட்டும் விற்கிறாங்க, வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க, ரெண்டாவது பெட்டிக்கு கவுன்ட்டர்ல கட்டுற காசு மிச்சம் பிடிச்சதை விட ஜாஸ்தியா போகும். 500 ரூபாய்க்குள்ள கிடைக்கிற கொக்கித் தராசு ஒண்ணு ஊர்ல வாங்கி வச்சிடுங்க. சாம்பார் பொடி, பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி எல்லாம் பெரிய பெட்டில, கைப்பையில வேண்டாம், 2018-லேருந்து அமெரிக்கா வர்ற ஃபிளைட்ல 350 மில்லிக்கு மேல பொடி இருந்தா தனியா சோதனை போடுவாங்க, பிரிச்சுப் பார்க்கலாம், எடுத்து வைக்கவும் சொல்லலாம். ஊறுகாய், தொக்கு திரவக் கணக்குல வரும், அதுவும் பெரிய பெட்டிலதான். கருவேப்பிலை மட்டும் கொண்டு வர வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டு சொல்லுங்க, எலுமிச்சை ஆரஞ்சு மரத்தை அழிக்கிற நோயைப் பரப்புற பூச்சி அதுலயும் வாழும், அதனால தடை. சொல்லாம கொண்டு வந்து மாட்டினா அபராதம் 300 டாலர்லேருந்து ஆரம்பிக்கும். சாப்பாட்டுப் பொருள் இருக்கான்னு கேட்டா இருக்குன்னே சொல்லணும், சொன்னவங்களுக்கு அபராதம் கிடையாது, ஆகாததை எடுத்துட்டு விட்டுடுவாங்க. பவர் பேங்க் இதுக்கு நேர் எதிர், பெரிய பெட்டில போடவே கூடாது, கைலதான்.

வீல்சேர் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இது என் மனசை உறுத்துற விஷயம். டிக்கெட்டோட இலவசமா கேட்டுக்கலாம், படி ஏற முடியும் நீள தூரம் நடக்க முடியாதுன்னா ஒரு வகை, படியும் ஏற முடியாதுன்னா ஒரு வகை, சீட் வரைக்கும் தூக்கிட்டுப் போகணும்னா ஒரு வகை. முழங்கால் வலி உள்ள எங்கம்மாவுக்கு கேட்கிறோம். ஆனா நல்லா நடக்கிற, தினமும் காலைல அஞ்சு கிலோமீட்டர் வாக்கிங் போற அப்பாக்களுக்கும் இங்கிலீஷ் தெரியாது, வழி தெரியாதுன்னு கேட்டுடுறோம். அந்தப் பயம் நியாயமான பயம்தான், ஆனா வரிசைல 40 நாற்காலி நிக்கும்போது உண்மையிலேயே கால் வராத ஒரு பாட்டி கடைசி ஆளா விமானத்துக்குள்ள உட்கார்ந்து காத்திட்டிருப்பாங்க. வழி காட்ட மட்டும் ஆள் வேணும்னா பல ஏர்லைன்ல அதுக்கு தனி சேவை இருக்கு, போன் பண்ணிக் கேளுங்க. அப்பாவுக்கு ஒரு தாள்ல கேட் எண் எங்க பார்க்கணும், எந்த எழுத்து போட்ட பலகையைத் தேடணும், என் போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி அனுப்புனேன், அவர் அதை சட்டைப் பையில வச்சிட்டு அம்மாவோட நாற்காலி பக்கத்துலயே நடந்து வந்தார்.

திரும்பிப் போறதுக்கான தேதியை யோசிச்சுப் போடுங்க. நீண்ட தூரத்துக்கு போக வர சேர்த்து வாங்குறதுதான் பெரும்பாலும் மலிவு, ஆனா ரெண்டு மாசத்துல ஊர் ஞாபகம் வந்து "எங்களை அனுப்பி விடுப்பா"ன்னு சொல்றவங்க நிறைய பேர். மாத்துறதுக்கு கட்டணம் இல்லைன்னு போட்டிருந்தாலும் அன்னிக்கு விலைக்கும் வாங்குன விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டணும், அது டிசம்பர்ல விழுந்தா பெருசா விழும். அதனால திரும்புற தேதியை கூட்ட சீசன்ல வைக்காதீங்க.

போய்ச் சேர்ந்த அப்புறம் கூட ஒரு வாரம் அவங்களுக்கு விட்டுடணும். நியூயார்க்குக்கும் சென்னைக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்துல பத்தரை. மேற்கே வர்றதை விட கிழக்கே போறதுதான் உடம்புக்கு கஷ்டம், அதனால இங்க வந்தப்போ மூணு நாள்ல சரியானவங்க ஊர்ல போய் ஒரு வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு உட்கார்ந்திருப்பாங்க. போன தடவை இறங்குன மறுநாளே சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்புன்னு ஏற்பாடு, நான் போன்ல அழாத குறையா கெஞ்சி நிறுத்தி வச்சேன். அம்மா அன்னிக்கு பகல் முழுக்க தூங்கினாங்க.